பாட்டுக்கு முன்னே வாடிய பிச்சிப்பூ

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்குப் பணி ஓய்வு கொடுத்தார்கள். எனக்கு வயது முப்பத்திரண்டு.

ஒன்பது வருடம் திருவனந்தபுரத்தில் ஒரே சர்வீஸ் சென்டரில், ஜன்னலோரம் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்த்தேன். அடுத்த வாரம் முதல் ஊருக்கு வடக்கே, கழக்கூட்டத்தில், பவர் சப்ளை வடிவமைக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. விஷயம் அவ்வளவுதான். எங்கள் ஜூனியர்கள் அதை அவ்வளவில் விடவில்லை. கேக்கின் மேல் "பணி ஓய்வு வாழ்த்துகள்" என்று எழுதி வாங்கி, சால்வை போர்த்தி, ஒரு கைத்தடியையும் பரிசாகக் கொடுத்தார்கள். எங்கள் மேனேஜர் ஷீலா மேடம் வாழ்த்துரையில், இதுவரை அடுத்தவர் உண்டாக்கிய சூட்டைத் தேடிப் பிடித்த ஜெபா இனிமேல் தானே சூடு உண்டாக்கப் போகிறாள் என்றார். ஓய்வு பெறுகிறவர்கள் அனுபவத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று ஜூனியர்கள் பிடித்துக்கொண்டார்கள். பேசச் சொன்னால் எனக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் வராது. எழுதித் தருகிறேன் என்று தப்பித்தேன். இது அந்தக் கடனுக்கு.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாலிடெக்னிக்கில் மூன்று வருடம். பிறகு இங்கே ஆறு மாதம் பழைய போர்டுகளிலிருந்து பாகம் கழற்றும் வேலை. அந்த ஆறு மாதத்தில் என் நோட்டில் எழுதிக்கொண்டவை மூன்று. பிளக்கைப் பிடுங்கிய பிறகும், கரண்டைத் தேக்கி வைத்திருக்கும் பெரிய கெப்பாசிட்டர் உன்னை மறப்பதில்லை. மூடிய பிறகு ஒரு ஸ்க்ரூ மிச்சமிருந்தால் வேலை முடியவில்லை. வாடிக்கையாளர் "ஒண்ணுமே செய்யல" என்றால் அவர் ஏற்கெனவே ஒருமுறை திறந்து பார்த்திருக்கிறார். மூன்றையும் அனுபவித்தே எழுதினேன். முதலாவதற்கு என் ஸ்க்ரூடிரைவர் நுனியில் இன்னும் அடையாளம் உண்டு.

ஷீலா மேடத்தைப் பற்றிச் சொல்லாமல் அந்த மேஜையைப் பற்றிச் சொல்ல முடியாது. அவர் மலையாளி. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் வளர்ந்தவர் என்பதால் அரிசி மண்டிக்காரர்களின் தமிழ் அவருக்குச் சரளமாக வரும், வாக்கியத்தின் கடைசியில் மட்டும் மலையாளம் வந்து உட்கார்ந்துகொள்ளும். கண்ணாடி அறைக்குள்தான் எப்போதும் இருப்பார். செட்டைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அவருடைய ஆயுதம் ஒரே ஒரு வழக்கம். எந்தப் பழுது வந்தாலும், திறப்பதற்கு முன் அவர் அறை வாசலில் நின்று அந்தப் பழுதை ஒரு முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். "ஒர்க் ஆகல", "கம்ப்ளெயிண்ட்" இரண்டும் செல்லாது. எப்போது, எங்கே, என்ன நடக்கும்போது என்ன ஆகிறது என்று சொல்ல வேண்டும்.

"முதல்ல வாக்கியம், பின்ன ஸ்க்ரூ. கேட்டோ?"

ஆரம்பத்தில் இது எனக்கு வெறும் பந்தாவாகத் தெரிந்தது. ஒருமுறை ஒரு சர்ச்சிலிருந்து "இரைச்சல்" என்று ஒரு செட் வந்தது. இரண்டு நாள் மேஜையில் வைத்துப் பார்த்தேன், இரையவே இல்லை. வாக்கியம் இல்லாமல் திறந்திருக்கிறாய் என்று மேடம் திருப்பி அனுப்பினார். போன் போட்டு விசாரித்ததில், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கீபோர்டு வாசிக்கும்போது மட்டும் இரைகிறது என்று வாக்கியம் கிடைத்தது. கீபோர்டு வாசிக்கிற பையன் தன் போன் சார்ஜரை அதே பிளக் போர்டில் சொருகியிருந்தான். செட்டில் ஒன்றுமே இல்லை. அன்றிலிருந்து நானும் வாக்கியக் கட்சி.

மேடத்தின் இன்னொரு சட்டம் எங்கள் மேஜைக்கு மேலே வெள்ளைப் பலகையில், அவர் கையெழுத்தில் இருந்தது. மாற்றும் பாகம் பழையதைவிட ஒரு படி மேலே இருக்க வேண்டும். அறுபத்துமூன்று வோல்ட் கெப்பாசிட்டர் போனால் நூறு வோல்ட். இரண்டு வாட் ரெசிஸ்டர் போனால் மூன்று வாட். ஃபியூஸ் மட்டும் விதிவிலக்கு. நல்ல சட்டம்தான். அது வந்த பிறகு திரும்பி வந்த செட்டுகள் பாதியாகக் குறைந்தன என்று பழையவர்கள் சொல்வார்கள். நான் சேரும்போது அதற்கு முன்பிருந்த காலத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதுகூட இல்லை. எங்கள் பாக அலமாரியில் எல்லாமே ஒரு படி மேலேதான்.

நான் சேர்ந்து சில வருடம் ஆனபோதுதான் செல்வராஜ் வந்தார்.

தென்காசிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து, கரமனையில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு ஸ்பீக்கர் பெட்டியும் ஒரு ஆம்ப்ளிஃபையரும் சேர்த்து சவுண்ட் சர்வீஸ் தொடங்கியவர். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவர். முதல் நாளிலிருந்தே என்னை "டாக்டரம்மா" என்றுதான் கூப்பிட்டார். அவருடைய ஆம்ப் ஒரு விழாவில் பட்டென்று நின்றுவிட்டது. திறந்தேன். செட்டுக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பகுதியில் ஃபியூஸ் போயிருந்தது, இரண்டு மாஸ்ஃபெட்டும் வெடித்திருந்தன. கரண்டை ஒரு நொடியில் பல்லாயிரம் தடவை போட்டு நிறுத்துகிற சுவிட்சுகள் அவை. பலகையில் இருந்தபடி ஒரு படி மேலே, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கரண்டைத் தாங்கும் ஜோடியைப் போட்டேன். கரண்டை மட்டுப்படுத்தும் சீரிஸ் பல்பு வைத்துச் சோதித்து, பிறகு நேரடி கரண்டில் போட்டு, ஸ்பீக்கருக்குப் பதில் டம்மி லோடு கட்டி, முழுச் சத்தத்தில் பத்து நிமிடம் ஓட்டினேன். அருமையாக ஓடியது. கொடுத்தனுப்பினேன்.

ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. செட் சூடாகி, அதன் பாதுகாப்புச் சுற்று தானே அணைத்துவிடுகிறது. "பாட்டுப் போட்டால் அதிகமாகச் சூடாகிறது" என்று மேடத்திடம் வாக்கியம் சொன்னேன். ஃபேன் பழையது, மாற்றினேன். சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்க்கில் பேஸ்ட் புதிதாகத் தடவினேன். தூசி ஊதினேன். மறுபடி முழுச் சத்தத்தில், இந்தத் தடவை அரை மணி நேரம். நன்றாக இருந்தது. கொடுத்தனுப்பினேன்.

மூன்றாவது தடவை செல்வராஜ் ஒரு புதன்கிழமை காலையில் வந்தார். இந்தத் தடவை டாக்டரம்மா என்று கூப்பிடவில்லை. செட்டை மேஜையில் வைத்தார். கூட ஒரு பெண் வந்திருந்தாள். அவருடைய தங்கை இசக்கியம்மாள், சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை கரமனையில் ஒரு மண்டபத்தில் அவளுக்குக் கல்யாணம்.

"மேல தோச ஊத்தலாம் போல இருக்கு," என்றார் செல்வராஜ். "ஞாயித்துக்கிழமைக்கு ஆவுமா ஆவாதா, அத மட்டும் சொல்லிருங்க."

ஆகாவிட்டால் எங்கள் செட் ஒன்றை இரவலாகத் தருகிறேன் என்றேன். அவர் முகம் மாறியது.

"ஊர்ல பாதிப்பேரு வாராவ. செல்வராஜு திருவந்திரத்துல சவுண்டு போடுதான்னு அவங்கள்ட்ட நான்தான் சொல்லி வச்சிருக்கேன். என் தங்கச்சி கல்யாணத்துல எரவல் செட்டு பாடுனா நான் எங்க போயி நிக்க?"

இரண்டு தடவையும் கைவைத்தது நான். எங்கள் சென்டரில் ஒரு செட் மூன்றாவது தடவை வந்தால் வேறு ஆளின் மேஜைக்குப் போக வேண்டும் என்பதும் வழக்கம். இதுவரை என் மேஜையிலிருந்து எதுவும் அப்படிப் போனதில்லை. வாக்கியம் எழுதப் பேனாவை எடுத்து, பாட்டுப் போட்டு எவ்வளவு நேரத்தில் சூடாகிறது என்று கேட்டேன்.

அரை மணி நேரம் என்றார் அண்ணன். தங்கை குறுக்கிட்டாள்.

"எங்க பாட்டு போட்ட? அன்னைக்கு நிச்சயத்துல பாட்டே போடல அப்பம். செட்ட ஆன் பண்ணி வச்சிட்டு மாப்ள வீட்டுக்காரங்கள கூப்பிடப் போயிட்ட. நான்தான் பிச்சிப்பூக் கூடைய அது மேல வச்சேன். வந்து எடுத்தா பூவெல்லாம் வதங்கிக் கெடக்கு."

"பூவ யாரு உன்ன செட்டு மேல வைக்கச் சொன்னா?"

"வேற எடம் எங்க இருந்துச்சு? பூரா உன் ஒயருதான் கெடந்துச்சு."

அண்ணனும் தங்கையும் தொடர்ந்து சண்டை போட்டார்கள். நான் பேனாவைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஷீலா மேடத்தின் குரல் வந்தது.

"பாட்டு இல்லாமலே பூ வாடியது. ஜெபா, இதல்லே வாக்கியம்?"

அதுதான் வாக்கியம். ஒரு ஆம்ப்ளிஃபையர் சத்தமாகப் பாடும்போது சூடாவது இயல்பு. சும்மா இருக்கும்போது பூவை வாட்டுகிற அளவு சூடாவது இயல்பல்ல. நான் இரண்டு தடவையும் மூடியைத் திறந்து வைத்து, முழுச் சத்தத்தில்தான் சோதித்தேன். மூடியைப் போட்டு, பாட்டில்லாமல், சும்மா விட்டுப் பார்க்கவே இல்லை. என் சோதனைப் பட்டியலில் பதினொரு வரி இருந்தது, இந்த ஒன்று இல்லை.

மேடம் செட்டை வேறு மேஜைக்கு மாற்றவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.

அன்று செய்தது இதுதான். செட் ஓடும்போது ஹீட் சிங்க்கைக் கையால் தொடக்கூடாது, அது நேரடி மின்சாரப் பக்கம். லேசர் வெப்பமானி பளபளப்பான அலுமினியத்தில் பொய் சொல்லும். அதனால் நான்கு இடத்தில் கறுப்பு டேப் ஒட்டி, அதனடியில் வெப்பம் அளக்கும் மெல்லிய ஒயர்களை வைத்து, காற்றுத் துளை வழியாக வெளியே எடுத்து மூடியைப் போட்டேன். நான்கு இடம்: பாட்டைப் பெருக்கும் டிரான்சிஸ்டர்கள், டயோடுகள், டிரான்ஸ்ஃபார்மர், மாஸ்ஃபெட்டுகள். ஸ்பீக்கர் இல்லை, பாட்டு இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதிக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் டிரான்சிஸ்டர்கள் அறையின் வெப்பத்தைவிடக் கொஞ்சம்தான் மேலே. டயோடுகளும் அப்படித்தான். டிரான்ஸ்ஃபார்மர் வெதுவெதுப்பு. மாஸ்ஃபெட் இருக்கும் ஹீட் சிங்க் எண்பத்து நான்கு டிகிரி, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

அடுத்து, பெருக்கும் போர்டுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாக ஓட்டினேன். அப்போதும் அதே சூடு. ஆக, சூடு வேறெங்கிருந்தும் வரவில்லை. நான் புதிதாகப் போட்ட அந்த இரண்டு பாகங்களுக்குள்ளேயேதான் பிறக்கிறது. அவற்றை இயக்கும் சின்ன ஐ.சி.யும் கொதித்துக்கொண்டிருந்தது.

ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகக் கரண்ட் கொடுத்து, மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் கேட் முனையில், மின்னலையைக் கோடாகக் காட்டும் ஆஸிலோஸ்கோப்பை வைத்தேன். சுவர் மாதிரி செங்குத்தாக நிற்க வேண்டிய கோடு, வழியில் ஒரு படியில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு மெதுவாக ஏறியது. பார்த்ததும் புரிந்தது. மாஸ்ஃபெட்டைத் திறக்க அதன் கேட்டில் ஒரு அளவு மின்னூட்டத்தை நிரப்ப வேண்டும். பெரிய மாஸ்ஃபெட் என்றால் பெரிய குடம். அதை நிரப்பும் அந்தச் சின்ன ஐ.சி.யோ அதே மெல்லிய குழாய்தான். குடம் நிரம்ப நேரமாகிறது. அந்த நேரமெல்லாம் சுவிட்ச் முழுதாகத் திறக்கவுமில்லை, முழுதாக மூடவுமில்லை. நடுவில் நின்றபடி சூட்டை உண்டாக்குகிறது, பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு நொடிக்குப் பல்லாயிரம் தடவை. இரண்டு பாகங்களின் விவரத்தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் போட்டதன் குடம் பழையதைப்போல மூன்று மடங்கு.

நன்மை என்று நினைத்து ஒரு படி மேலே போட்டது நான். போடச் சொன்னது தலைக்கு மேலே இருந்த பலகை.

நிமிர்ந்து அந்தப் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு மேடத்தின் அறை வாசலில் போய் நின்றேன். அவர் பால் விடாத கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

"வாக்கியம் சொல்லு," என்றார்.

"பலகையில எழுதியிருக்கறபடி பெரிய மாஸ்ஃபெட் போட்டதால, செட் சும்மா இருக்கும்போதே சூடாகுது மேடம்."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். எழுந்தார். அந்த ஒன்பது வருடத்தில் அவர் என் மேஜைக்கு வந்தது அன்று ஒரு தடவைதான். ஸ்கோப்பில் அந்தப் படியைக் குனிந்து பார்த்தார். விவரத்தாள் இரண்டையும் பார்த்தார். நான் எழுதி வைத்த வெப்பநிலைகளை மேலிருந்து கீழ்வரை விரலால் தொட்டுக்கொண்டே வாசித்தார்.

"ரெண்டாம் தடவை வந்தப்போ இதைச் சந்தேகப்படலயா நீ?"

"ஃபேனைச் சந்தேகப்பட்டேன். பலகை தப்பா இருக்கும்னு தோணல மேடம்."

"எனிக்கும் தோணல," என்றார். "எழுதினவளுக்கே தோணல, பின்ன உனக்கு எப்படித் தோணும்? போய் பார்ட்ஸ் வாங்கிட்டு வா."

எங்கள் அலமாரியில் பழைய அளவு இல்லை. சட்டம் வந்ததிலிருந்து நாங்கள் சின்னதை வாங்குவதையே நிறுத்திவிட்டோம். பஸ் பிடித்துப் பழவங்காடியில் இறங்கி, அங்கிருந்து சாலைக் கடைத்தெருவுக்கு நடந்தேன். மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றாவது கடைக்காரர் திருநெல்வேலிக்காரர். நான் கேட்டதைக் கேட்டுவிட்டு, அதே விலைக்கு இதைவிடப் பெரிசு தருகிறேன், நல்லா தாங்கும் என்று ஒன்றை எடுத்து நீட்டினார். நான் செல்வராஜின் செட்டில் போட்டிருந்த அதே நம்பர்.

"வேண்டாம் அண்ணாச்சி, சின்னதுதான் வேணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இருவது வருசமா கட வச்சிருக்கேன். சின்னது குடுங்கன்னு பிடிவாதம் பிடிக்க மொத ஆளு நீதாம்மா." இருந்தாலும் ஏணி போட்டு மேல் தட்டிலிருந்து ஒரு தூசிப் பெட்டியை இறக்கினார். அதில் ஆறு இருந்தன. பாகத்தின் மேலிருந்த எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, போலியில்லை என்று உறுதி செய்து, ஆறையும் வாங்கிக்கொண்டேன்.

மாற்றினேன். கேட் முனையில் கோடு சுவராக நிமிர்ந்து நின்றது. மூடியைப் போட்டு, பாட்டில்லாமல், ஒரு மணி நேரம்: நாற்பத்தாறு டிகிரி, அதற்கு மேல் ஏறவில்லை. வியாழக்கிழமை முழுக்கச் சும்மா ஓட்டினேன். வெள்ளிக்கிழமை முழுச் சத்தத்தில் ஓட்டினேன், பக்கத்து மேஜைக்காரர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை காலையில் செல்வராஜ் வந்து எடுத்துப் போனார். அளவுகளைக் காட்டினேன். அவர் எண்களைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தார்.

"ரெண்டு தடவையும் இப்படித்தான சொன்னீய," என்றார்.



இதற்கிடையில் மேடம் இரண்டு காரியம் செய்திருந்தார். பலகையில் தன் சட்டத்துக்குக் கீழே, "சுவிட்ச் செய்யும் பாகம் தவிர. அதற்கு விவரத்தாளைப் பார்" என்று சேர்த்திருந்தார், அடியில் தன் கையெழுத்துடன். பிறகு ஜாப் கார்டுகளைப் புரட்டி, நாங்கள் இதே மாதிரி பெரிய மாஸ்ஃபெட் போட்டுக் கொடுத்த ஏழு செட்டுகளை எடுத்து, உரிமையாளர்களுக்குத் தானே போன் செய்தார். எங்கள் தவறு, ஒருமுறை கொண்டுவாருங்கள் என்று அவர் சொல்வது கண்ணாடிக்கு வெளியே ஏழு தடவை கேட்டது. வந்ததில் நான்கு நன்றாகவே இருந்தன, அவற்றின் குழாய் தடித்தது. மூன்றை மாற்றினோம். மேல் தட்டிலிருந்து இறங்கிய அந்த மிச்ச நான்கும் அதில் தீர்ந்தன, இன்னொரு ஜோடிக்குக் கடைக்கார அண்ணாச்சி வேறு பெட்டி தேடி மறுபடி ஏணி போட வேண்டி வந்தது.

ஜூனியர்களே, சோதனைப் பட்டியலில் பன்னிரண்டாவது வரி எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களே, இங்கிருந்துதான். மூடியைப் போட்டு, பாட்டில்லாமல், ஒரு மணி நேரம். அவசரம் என்று வாடிக்கையாளர் வாசலில் நின்றாலும் அந்த ஒரு மணி நேரத்தைக் குறைக்காதீர்கள். அவருக்குச் சாயா வாங்கிக் கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போனேன். கைப்பையில் பர்ஸோடு வெப்பமானியும் இருந்தது. மண்டபத்தில் பாட்டு இல்லை. முகூர்த்தத்துக்கு இன்னும் நேரமிருந்தது, நாதஸ்வரக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். செல்வராஜ் பட்டுச் சட்டை போட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டு, ஊர்க்காரர்களை வரவேற்பதும் ஓடிப்போய் ஸ்டாண்டைத் திருகுவதுமாக இருந்தார். ஏழு மணிக்கே செட்டை ஆன் செய்துவிட்டாராம். மணி ஒன்பதரை. மேடைக்குப் பின்னால் போனேன்.

ஆம்ப்ளிஃபையரின் மேல் ஒரு பூக்கூடை இருந்தது.

காற்றுத் துளை மேலேயே வைத்திருந்தார்கள், ஈர வாழை இலை வேறு. ஓடிப்போய்க் கூடையைத் தூக்கினேன். நல்லவேளை, தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. தூக்கிய பிறகுதான் கூடைக்குள் பார்த்தேன். வெப்பமானியை எடுக்கத் தோன்றவில்லை. இலையை விலக்கிப் பார்த்தபடியே நின்றேன்.

செல்வராஜ் பின்னால் வந்து நின்றார். கேட்கப் பயந்த குரலில் கேட்டார்.

"டிகிரி எவ்வளவு டாக்டரம்மா?"

கூடையை அவர் முன்னால் நீட்டினேன். பிச்சிப்பூ ஒன்றுகூட வாடவில்லை. மொட்டுகள் மொட்டுகளாகவே இருந்தன. அவர் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். பிறகு சிரித்தார். கூடையை என்னிடமிருந்து வாங்கி, மறுபடி ஆம்ப்ளிஃபையரின் மேலேயே வைக்கப் போனார்.

"அண்ணாச்சி, அங்க வைக்கக் கூடாது."

"ஏன், அதான் வாடலைல்லா?"

நான் கூடையைப் பிடுங்கிக்கொண்டு மணமகள் அறைக்குப் போனேன். தலை பின்னிக்கொண்டிருந்த இசக்கியம்மாள் கண்ணாடி வழியாகவே கூடையைப் பார்த்துவிட்டாள்.

"இந்தத் தடவையும் நான்தான் வச்சேன்," என்றாள். "ஏழு மணிக்கு. உங்க வேலை சரியா இருக்கான்னு பாக்கணும்லா."

பிறகு திரும்பி, ஒரு கைப்பிடி மொட்டை அள்ளி முகர்ந்துவிட்டு, தலையில் வைக்கச் சொல்லி என்னிடமே கொடுத்தாள். வெளியே செல்வராஜ் மைக்கைத் தட்டி ஹலோ சொன்னார். பாட்டு ஆரம்பித்தது.